கரும்பாறைக்கு அடுத்தது யார்?

மலையடிக் குளத்தங்கரையில் ஒரு காட்டெருமைக் கூட்டம் இருந்தது. கோடை வந்தால் காளைகள் அங்கே தலையோடு தலை முட்டிப் பார்க்கும். கடைசிவரை பின்வாங்காத காளைக்குத்தான் துறையில் காவல் வேலை.

மூன்று கோடையாக ஜெயித்தவன் கரும்பாறை. அவன் பலத்தைக் கண்டு மலைத்த மற்ற காளைகள் முட்டுவதையே விட்டுவிட்டன. கரையில் நின்று கத்துவதோடு சரி. வெட்டிப் பேச்சுக்கு மட்டும் குறைவில்லை.

"அந்தக் காலத்து வளைகொம்பன் முன்னால இவன் நிப்பானா? என்ன எடை, என்ன இடி!"

"போடா! எங்க கரும்பாறை ஒரே முட்டுல அவனைக் குளத்துல தள்ளிடுவான்!"

செவலை என்ற தாய் எருமைக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிறந்து பத்தே நாளான கன்று அவள் காலடியில் நின்றது. காலையிலிருந்து காற்றில் செந்நாய் வாடை.

"வாடை கிட்ட வருது, கொஞ்சம் கேளுங்களேன்!" என்றாள்.

"அதான் கரும்பாறை இருக்கான்ல? சும்மா இரு!"

இரண்டு காலத்தையும் பார்த்த குளத்து ஆமையைக் காளைகள் கூப்பிட்டன. "யார் பெரியவன், நீயே சொல்லு!"

"ரெண்டு பேரும் சமம்தான்," என்றது ஆமை. "ஆனா வளைகொம்பன்கிட்ட ஒன்பது பேர் தோத்தாங்க. ஒன்பது பேரும் மறுநாளே திரும்ப முட்ட வந்து நிப்பாங்க. இப்போ கரும்பாறைக்கு அடுத்தது யாரு?"

"கேட்டதுக்குப் பதில் தெரியல இதுக்கு!" என்று காளைகள் சிரித்தன. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். புதரில் பதுங்கியிருந்த செந்நாய்களுக்கும் அப்படித்தான்.

இரண்டு நாய்கள் முன்னால் பாய்ந்தன. அதில் ஒன்றைக் கரும்பாறை கொம்பில் தூக்கி எறிந்தான். அதற்குள் புதரிலிருந்த மற்ற ஏழு நாய்களும் பின்பக்கமாகக் கன்றை நோக்கி ஓடின.

"பின்னால யாராவது நில்லுங்கடா!" என்று கரும்பாறை அலறினான்.

யார் நிற்பது? காளைகள் எல்லாம் மேட்டுக்கு ஓடிவிட்டன. செவலை கன்றை வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு தனியாகச் சுற்றிச் சுற்றி முட்டினாள். கரும்பாறை வந்து விரட்டுவதற்குள் கன்றின் வால் பாதி போய்விட்டது. உயிர் தப்பியதே பெரிய விஷயம்.

மறுநாள் காளைகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தன. "வளைகொம்பன் மட்டும் இருந்திருந்தா..." என்று ஒன்று ஆரம்பித்தது.

கரும்பாறை அதன் முன்னால் போய் நின்றான். "பேசினது போதும். வா, முட்டு!"

அது முட்டியது. விழுந்தது.

"எழுந்திரு. இன்னொரு தடவை!"

செவலை மட்டும் இன்னும் காற்றை மோந்தபடி நின்றாள்.

ஒரு காலத்தின் பலத்தை அதன் முதல் வீரனை வைத்து அளக்கக் கூடாது. அவனுக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை வைத்தே அளக்க வேண்டும்.