உப்புக்கல் நேராகப் பிளப்பது எதனால்

மண்ணும் உலோகமும் நம்மைப் போல வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கடலோரக் கழி ஒன்றின் கரையில் இரண்டு குடிகள் இருந்தன. ஒன்று தீக்குடி. அதில் பிறந்த ஒவ்வொருவர் கழுத்து மாலையிலும் ஒரு மணி கூடுதல். அந்த ஒற்றை மணி அவர்களைச் சும்மா இருக்க விடாது. துளித் தண்ணீர் பட்டால் போதும், பற்றிக்கொண்டு எரிவார்கள். மற்றது பச்சைக்குடி. அவர்கள் மாலையில் ஒரு மணி குறைவு. அந்தக் குறையே தீராப் பசியாகி, அவர்கள் விட்ட மூச்சு அண்டியவர்களின் நெஞ்சை அடைத்தது.

கடைசியில் இரண்டு குடியும் உட்கார்ந்து பேசினார்கள். தீக்குடியார் கூடுதல் மணியைக் கழற்றிக் கொடுத்தார்கள். பச்சைக்குடியார் வாங்கிக் கோத்துக்கொண்டார்கள். எரிச்சலும் அடங்கியது, பசியும் அடங்கியது. கொண்டான் கொடுத்தான் ஆகிவிட்டார்கள். ஒருவரை விட்டு ஒருவர் இருக்க முடியாத ஒட்டுதலும் கூடவே வந்துவிட்டது. தண்ணீர்ப் பயமும் போய், கழித் தண்ணீரில் இஷ்டம்போல் திரிந்தார்கள்.

ஒரு கோடையில் கழி வற்றியது. தண்ணீர் போன இடத்தில் காற்று வந்தது. தனியாக நிற்கிறவரைத் தூக்கிக்கொண்டு போய்விடும் காற்று. மழை வரும்வரை தாக்குப்பிடிக்க, எல்லோரும் கைகோத்துத் தங்கள் உடம்பாலேயே ஒரு கோட்டை கட்டினார்கள். ஒரே ஒரு சட்டம்: பங்காளிக்கு ஒட்டினாற்போல் பங்காளி உட்காரக் கூடாது. முன்னே பின்னே, மேலே கீழே, எந்தப் பக்கம் திரும்பினாலும் சம்பந்தி வீட்டு ஆள்தான் இருக்க வேண்டும். கோட்டை மூலைக்கு மூலை சதுரமாக, உப்புக்கல்லாக நின்றது.

தீக்குடி ஆவாரை இரண்டாம் வரிசையில் இருந்தாள். அவளுக்கு நேரே, கோட்டையின் வெளி வரிசையில், அவள் மணியை வாங்கிக்கொண்ட பச்சைமால். பச்சைமாலுக்கு அடுத்த இடத்தில் அவள் தம்பி வேங்கை. அத்தனை கிட்டத்தில் இருந்தும் தம்பியின் தோள்தான் அவளுக்குத் தெரிந்தது, கை எட்டவில்லை.

அன்று காற்று வலுத்தது. வெளி வரிசையின் மூலையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பிய்த்துக்கொண்டு போனது.

"அக்கா, கை வழுக்குது அக்கா."

"பச்சைமால் மாமாவைக் கெட்டியாப் பிடிச்சுக்கடா."

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நீ ஒரு கை பிடிச்சா பயமில்லாம இருக்கும்."

மேலே பாறையில் செம்புக்குடியார் ஒரே திரளாகக் கிடந்தார்கள். அவர்கள் வழக்கம் வேறு. தங்கள் மணிகளை எல்லாம் பொதுவில் கொட்டிவிட்டார்கள். எந்த மணி யாருடையது என்ற கேள்வியே இல்லை, யார் எங்கே நகர்ந்தாலும் மணிகள் நடுவே ஓடி ஒட்டவைத்துவிடும். அவர்களில் வாயாடி செம்பன்.

"என்ன சம்பந்திங்களா, மூச்சு விடவாவது உத்தரவு உண்டா? போன வாரம் எங்க மேல ஒரு பாறையே விழுந்துச்சு. வரிசை நகர்ந்துச்சு, கொஞ்சம் சப்பையானோம். அவ்வளவுதான்! நீங்க என்னமோ கட்டிப்போட்ட மாதிரி கிடக்கீங்க."

ஆவாரைக்கு அது சுருக்கென்று தைத்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது.

"மாமா, உங்க வரிசை ஓர் இடம் நகர்ந்தா வேங்கை எனக்கு நேரே வந்துடுவான்."

"நகரக் கூடாது புள்ள," என்றான் பச்சைமால்.

"ஏன்?"

"ஏன்னு சொல்லத் தெரியல. உன் குடிக்காரங்க கிட்டத்துல வந்தா உனக்கு உடம்பு கூசினதே இல்லையா? எனக்குக் கூசியிருக்கு."

கூசியிருக்கிறதுதான். தண்ணீரில் திரிந்த நாளில் அவளும் வேங்கையும் எதிரெதிரே வந்தால், தன்னை அறியாமல் விலகித்தான் போவார்கள். ஆனால் அந்த நேரத்தில் அதை நினைக்க அவளுக்கு மனசில்லை.

"உங்களுக்கென்ன மாமா, மாலை நிறைஞ்சு போச்சு. மணியைக் கழற்றிக் கொடுத்தவளுக்குத்தான் கூடப்பிறந்தவன் அருமை தெரியும்."

பச்சைமால் வேங்கையின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

காற்று மறுபடி சீறியது. வேங்கையின் ஒரு கை விடுபட்டுப் படபடவென்று ஆடியது. "அக்கா!"

"செம்பண்ணே!" என்று கத்தினாள் ஆவாரை. "எங்க வெளி வரிசையை ஓர் இடம் தள்ளி விடுங்க!"

"வேணாம்டா செம்பா!" என்று பச்சைமால் போட்ட சத்தம் காற்றோடு போயிற்று.

செம்பன் கூட்டம் பாறையிலிருந்து உருண்டு வந்தது. ணங்கென்று ஓர் அடி. வெளி வரிசை முழுதும் ஓர் இடம் நகர்ந்தது.

வேங்கையின் முகம் ஆவாரைக்கு நேரே வந்தது. சிரித்தான். இவள் கையை நீட்டினாள். அவனும் நீட்டினான்.

விரல் தொடவில்லை. மணியைக் கழற்றிக் கொடுத்த இரண்டு கழுத்தும் ஒன்றையொன்று பார்த்த மாத்திரத்தில், யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது போல் இருவரும் பின்னுக்குப் போனார்கள். அவர்கள் மட்டுமா? வரிசை நெடுக தீக்குடிக்கு நேரே தீக்குடி, பச்சைக்குடிக்கு நேரே பச்சைக்குடி. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தள்ளினார்கள். படீரென்று கோட்டை பிளந்தது, கத்தி வைத்து அறுத்தாற்போல் நேர்கோட்டில். வெளி வரிசை முழுதையும், பச்சைமாலையும் வேங்கையையும் சேர்த்து, காற்று அள்ளிக்கொண்டு போனது.

இடித்ததில் செம்பன் உடம்பு நசுங்கி ஒரு சொட்டை விழுந்திருந்தது. அதைப் பார்த்துச் சிரிக்கப் போனவன், ஆவாரை முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "நாங்க தாங்குற மாதிரி நீங்களும் தாங்குவீங்கன்னு நெனைச்சேன் தாயி," என்றான்.

அவள் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

மழை வந்தது. முதல் துளி விழுந்ததும் ஆவாரை பிடித்திருந்த கைகளை எல்லாம் உதறிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். "வேங்கை, வேங்கை" என்று அவள் போன பக்கமெல்லாம் மற்றவர்களும் அவரவர் ஆட்களைத் தேடிக்கொண்டு போனார்கள்.

செம்பை அடித்தால் தகடாவதும், உப்புக்கல்லை அடித்தால் நேராகப் பிளப்பதும் அன்று தொட்டுத்தான். பிளந்த கல்லை ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், ஒரு நொடி நிற்காது, தம்பியைத் தேடிப் புறப்பட்டுவிடும். ஆவாரை எங்கே போனாள் என்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு வாய் குடித்தால் தெரியும்.