தொங்கும் பந்தை அடித்த கரடி

கரும்பாறைக் காட்டில் மொட்டையாண்டி என்றொரு கரடி இருந்தது. உடம்பு முழுக்க மயிர், பெயர் மட்டும் மொட்டையாண்டி! ஏன் அப்படி என்று பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அந்தக் காட்டின் நடுவில் ஒரு மடு. அதன் ஒரு பக்கம் கல்துறை. பாறையில் நின்று குனிந்தால் போதும், தெளிந்த தண்ணீர் கிடைக்கும். மறுபக்கம் சேற்றுத்துறை. அங்கே வயிறு வரை புதைந்தால்தான் ஒரு வாய் கலங்கல் தண்ணீராவது கிடைக்கும்.

முன்பெல்லாம் கோடை வந்தால் கிழக்குக் கரை விலங்குகளும் மேற்குக் கரை விலங்குகளும் கல்துறைக்காக முட்டிக்கொள்ளும். கொம்பு ஒடியும், காது கிழியும். ஒரு தடவை ஒரு பன்றிக்கு வாலே போய்விட்டது. பிறகு காட்டில் முகாம் போட்டவர்கள் வாலிபால் ஆடியதைக் குரங்குகள் மரத்தில் உட்கார்ந்து பார்த்தன. அவர்கள் விட்டுப்போன பந்தையும் தூக்கி வந்தன. அதிலிருந்து சண்டை கிடையாது, வருடத்துக்கு ஓர் ஆட்டம்தான். பக்கத்துக்கு ஆறு பேர். முதலில் பதினைந்து எடுக்கும் கரைக்குக் கல்துறை. தோற்ற கரைக்கு மழை வரும் வரை சேறு.

போன வருடம் மேற்குக் கரை தோற்றது. தோற்கடித்தது எதிரிகள் என்பதைவிட மொட்டையாண்டி என்று சொல்வதே நியாயம். சர்வீஸ் முறை வந்தால் அது பந்தை இடுப்புக்குக் கீழே பிடித்து, கையை வீசி மெல்லத் தட்டி அனுப்பும். பந்து அசைந்து அசைந்து வலையைத் தாண்டும். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே அதை எடுத்துத் தூக்கிக் கொடுப்பார்கள். அங்கே நின்ற கடமான் ஒரே துள்ளலில் ஓங்கி அடிக்கும். அவ்வளவுதான், பாயின்ட் போய்விடும்.

அந்தக் கோடையில் மொட்டையாண்டியின் மனைவி பேச்சியம்மா, முதுகில் இரண்டு குட்டிகளோடு சேற்றுத்துறையில் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே புதைந்துபோனது. அரை நாள் கத்தியது. கடைசியில் யானைகள் வந்து இழுத்துப் போட்டன. உயிர் தப்பியது, ஆனால் இடுப்பு பிசகிவிட்டது. இன்றுவரை பின்னங்காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறது.

"ஏங்க, இன்னொரு கோடைக்கு அந்தச் சேத்துல இறங்க என்னால ஆகாது. இப்பவே சொல்லிட்டேன்!" என்றது பேச்சியம்மா.

"இறங்க விடுவேனா புள்ள? மேல தூக்கிப் போட்டு அடிக்கிற சர்வீஸ இந்தத் தடவ கத்துக்கிட்டுத்தான் களத்துல நிப்பேன். நீ கல்துறையிலதான் குடிக்கப் போற!" என்றது மொட்டையாண்டி. அதை மனதார நம்பியே சொன்னது, பாவம்.

ஆட்டத்துக்கு முழுசாக ஒரு மாதம் இருந்தது. மேற்குக் கரை அணியில் மேல் சர்வீஸ் நன்றாகத் தெரிந்தது ஒச்சாயி என்ற மந்தி மட்டும்தான். கரடி அதனிடம் போய் நின்றது.

"இதுல ரெண்டே வேலைதான் அண்ணே. இடது கையால பந்த நேரா மேல தூக்கிப் போடணும். அது இறங்கும்போது வலது கையால அடிக்கணும். தூக்கிப் போடுறது சரியா இருந்தா அடி தன்னால சரியா விழும்!" என்றது ஒச்சாயி.

காட்டில் இருந்தது ஒரே பந்து. அதைப் பழகுவதற்குத் தர மாட்டார்கள். அதனால் காய்ந்த புல்லைச் சுருட்டி, கொடியால் இறுக்கிக் கட்டி, கரடி தானே ஒரு பந்து செய்துகொண்டது. இடது கையில் வைத்துத் தூக்கிப் போட்டது. வளைந்த நீள நகங்கள் பட்டுப் பந்து பக்கவாட்டில் சரிந்து புற்றுக்குள் விழுந்தது. மறுபடி போட்டது, மூக்கிலேயே விழுந்தது. இன்னொரு முறை முதுகுக்குப் பின்னால் போனது. கரடி காற்றை ஓங்கி அடித்துத் தானே ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே உட்கார்ந்தது.

மரத்திலிருந்த கிளிகளுக்குக் கொண்டாட்டம்!

"கரடி அண்ணன் கொசு விரட்டுறார்! கரடி அண்ணன் கொசு விரட்டுறார்!"

"நகத்த மடக்கிக்கோ அண்ணே. உள்ளங்கையில வச்சுத் தூக்கு. ஒரு நாளைக்கு நூறு தடவ தூக்கிப் போடு. அடிக்கவே வேணாம், போட்டுப் போட்டுப் பிடி. கிளி என்னமோ கத்திட்டுப் போகட்டும்!" என்றது ஒச்சாயி.

மூன்று நாள் கரடி அப்படியே செய்தது. மூன்று நாளும் கிளிகள் சிரித்தன. கரடிக்கு அவமானம் தாங்கவில்லை. நாலாம் நாள் ஒரு யோசனை வந்தது. புல் பந்தை ஒரு கொடியில் கட்டி, தலைக்கு மேலே ஒரு கிளையில் தொங்கவிட்டது. பந்து அசையாமல் நின்றது. கரடி பின்னால் சாய்ந்து வலது கையை ஓங்கி ஓர் அடி கொடுத்தது.

படார்!

பந்து கிளையைச் சுற்றிப் பறந்து திரும்பி வந்தது. கிளிகள் கப்சிப். கரடிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று முழுவதும் அடித்தது. மறுநாளும் அடித்தது. சத்தம் மடு வரைக்கும் கேட்டது. மானும் பன்றியும் கும்பலாக வந்து பார்த்தன.

அணியின் தலைவன் வீரணன் என்ற காட்டெருமை. அது வந்து பார்த்துவிட்டுக் கண்கலங்கியது. "மாப்ளே, இந்த அடி விழுந்தா கடமானுக்குக் கொம்பு கழண்டுரும்! கல்துறை நமக்குத்தான்!"

ஒச்சாயிக்கு மட்டும் அதில் சந்தோஷமில்லை.

"அண்ணே, கிளையா வந்து ஆட்டத்துல நிக்கப் போகுது? அங்க யார் உனக்குப் பந்தத் தொங்கவிடுவாங்க? கொடிய அவுத்துட்டுத் தூக்கிப் போட்டுப் பழகு!"

"அடிக்கத் தெரிஞ்சவனுக்குத் தூக்கிப் போடுறது ஒரு பெரிய வேலையா? அன்னைக்குப் பாத்துக்கலாம்!" என்றது கரடி.

ஒச்சாயி தினமும் வந்து சொன்னது. கரடி தினமும் ஒரு சாக்கு சொன்னது. இன்று காற்று அதிகம், இன்று தோள் வலி, நாளைக்குக் கட்டாயம் என்றது. கடைசியில் ஒச்சாயிக்கு வெறுத்துப்போய் வருவதை நிறுத்திக்கொண்டது.

ஆட்டத்துக்கு முதல் நாள் சுற்றிலும் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, கரடி பந்தைக் கொடியிலிருந்து அவிழ்த்தது. இடது கையால் தூக்கிப் போட்டது. பந்து சரிந்தது. இன்னொரு தடவை போட்டது, அப்போதும் சரிந்தது. மாதம் தொடங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது இடது கை. அப்போதாவது ஒச்சாயியைத் தேடி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அவசரம் அவசரமாகப் பந்தை மறுபடி கொடியில் கட்டித் தொங்கவிட்டு, இருட்டும் வரை படார் படார் என்று அடித்தது. அந்தச் சத்தம் கேட்டால் அதற்குப் பயம் கொஞ்சம் அடங்கியது.

மறுநாள் மடுக்கரையே திரண்டுவிட்டது. கொடிகளால் பின்னிய வலைக்கு அந்தப் பக்கம் கடமானின் அணி, இந்தப் பக்கம் வீரணனின் அணி. நடுவர் இருவாச்சிப் பறவை. பேச்சியம்மா முதுகில் குட்டிகளோடு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது.

ஆறாவது பாயின்டில் மொட்டையாண்டிக்கு முதல் சர்வீஸ் வந்தது. பந்தைத் தூக்கிப் போட்டது. அது தலைக்குப் பின்னால் போய் முதுகில் விழுந்தது.

"இத விட்ருங்க! இன்னொரு தடவ போடுறேன்!" என்றது கரடி.

"கைய விட்டு மேல போன பந்துக்கு மறு வாய்ப்பு கிடையாது. பாயின்ட் கிழக்குக்கு!" என்றது இருவாச்சி.

கிழக்குக் கரை விழுந்து விழுந்து சிரித்தது. இருந்தாலும் மேற்குக்காரர்கள் விடவில்லை. வீரணன் முட்டி தேயத் தேயப் பந்தை எடுத்தது. ஒச்சாயி தன் சர்வீஸிலேயே நான்கு பாயின்ட் சேர்த்தது. பதினான்குக்குப் பதின்மூன்று என்று கிழக்கு முன்னால் நின்றபோது, மேற்கு ஒரு பந்தை மீட்டு சர்வீஸைத் தன் பக்கம் வாங்கியது. பதினான்குக்குப் பதினான்கு! சமமாக நின்றால் அடுத்த பாயின்டே முடிவு என்பது அந்தக் காட்டுச் சட்டம்.

சர்வீஸ் முறை யாருக்கு? மொட்டையாண்டிக்கு.

கரடி தலைவன் பக்கம் திரும்பியது. "வீரணா, கீழ இருந்தே தட்டிவிட்டுரட்டுமா?"

"கீழ தட்டினா கடமான் அடிச்சே கொன்னுருவான் மாப்ளே. மேலயே போடு. முதல் தடவ ஏதோ தவறிருச்சு. ஒரு மாசமா நீ அடிச்ச சத்தத்த இந்தக் காடே கேட்டிருக்கு. உன்ன நம்பித்தான் நிக்கிறோம்!"

அந்தச் சத்தத்தை நம்பி நின்ற முகங்களைக் கரடி ஒவ்வொன்றாகப் பார்த்தது. 'எனக்குத் தூக்கிப் போட வராது' என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. இத்தனை நாள் சொல்லாததை இப்போது எப்படிச் சொல்வது? கோட்டுக்கு வெளியே பேச்சியம்மா வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு, இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நகத்த மடக்கு அண்ணே!" என்று ஒச்சாயி மெல்லச் சொன்னது.

இருவாச்சி குரல் கொடுத்தது. கரடி பந்தைத் தூக்கிப் போட்டது. நகம் தட்டியது. பந்து இடப்பக்கம் சரிந்தது. கரடி ஓங்கிய கையோடு பாய்ந்தது. விரல் நுனிகூடப் படவில்லை. பந்து அதன் காலடியில் தொப்பென்று விழுந்து, இரண்டு தடவை குதித்து, அடங்கியது.

யாரும் கரடியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வீரணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனது. அதன் பின்னாலேயே மற்றவை போயின. கடைசியில் களத்தில் கரடி மட்டும் நின்றது. பத்து நாளில் கோடை தொடங்கியது. ஓடைகள் வற்றின. கிழக்குக்காரர்கள் கல்துறையில் வரிசையாக நின்று குடித்தார்கள்.

"நீ இறங்காத புள்ள. நான் போயி வாயில கொண்டாரேன்," என்றது மொட்டையாண்டி.

சேற்றில் இறங்கி, வாய் நிறைய மொண்டுகொண்டு கரையேறியது. கரடியின் தொங்கு உதட்டில் தண்ணீர் நிற்குமா? பேச்சியம்மாவிடம் வருவதற்குள் எல்லாம் ஒழுகிவிட்டது. மறுபடி போனது, மறுபடி ஒழுகியது. குட்டிகள் வெறும் சேற்றை நக்கிவிட்டு அழுதன.

பேச்சியம்மா எழுந்தது. குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு, காலை இழுத்து இழுத்துத் துறைக்கு வந்தது.

"ஒரு மாசம் இருந்துச்சேங்க. தூக்கிப் போட்டுப் பழக ஒரு நாளுமா கெடைக்கல?" என்று கேட்டது. அதன் குரலில் கோபமே இல்லை.

மொட்டையாண்டிக்கு அழுகை வந்தது. பேச்சியம்மா சேற்றில் கால் வைத்தது. முழங்கால் போனது, வயிறு போனது. கரடி ஓடிப்போய்ப் பக்கத்தில் இறங்கி, அதன் இடுப்பைத் தோளால் முட்டுக்கொடுத்துத் தாங்கியது. இரண்டும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் புதைந்தன. மழைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

தனக்கு வராததை வெட்கப்பட்டு ஒதுக்கிவிட்டு, வருவதை மட்டுமே பழகிப் பாராட்டு வாங்குகிறவர், வேண்டிய நேரத்தில் தன்னை நம்பியவர்களையும் சேர்த்தே சேற்றில் தள்ளிவிடுவார்.