பச்சைப் பொட்டு வச்ச காசு

இதுல ஒரு வார்த்த பொய் கிடையாது. அம்புட்டும் சத்தியம். பொய்னா என் மாமியாவுக்கு விழுந்த பல்லெல்லாம் திரும்ப முளைக்கட்டும். இதுக்கு மேல நான் என்னத்தப் பணயம் வைக்க, நீங்களே சொல்லுங்க.

கேளுங்க.

"சாமி, வெள்ளி வர மாட்டேங்குது."

மாடக்கண்ணு அண்ணாச்சி கரட்டுக் குன்று மேல ஏறி வந்து, தோள்ல கெடந்த மூட்டைய இறக்கி வச்சு, மூச்சு வாங்கிக்கிட்டே சொன்ன மொத வார்த்த இது.

கரட்டுச் சாமி மடத்து இரும்புக் கேட்டுக்குப் பச்சப் பெயிண்டு அடிச்சுக்கிட்டு இருந்தாரு. திரும்பிப் பாக்கல.

"எவ்வளவு நாளா வரல அண்ணாச்சி?"

"மூணு வருசமா."

ஆமா, இங்க குருதான் சிஷ்யன அண்ணாச்சிம்பாரு. சாமிக்கு நாப்பது கூட ஆகல. சிஷ்யனுக்கு அறுபது தாண்டிருச்சு. சாமி முன்னால மினிபஸ்ல கண்டக்டரு. பாக்கிச் சில்லறை கேட்டுக் கேட்டு ஜனங்க பண்ணுன இம்சையில துறவியாப் போனவருன்னு ஊர்ல ஒரு பேச்சு. ஞானம் எந்த ஸ்டாப்புல ஏறும்னு யாரு கண்டா.

அண்ணாச்சி கத வேற.

அவரு வேல பாத்த மில்லுக்குப் பூட்டுப் போட்ட வாரம், கைக்கு வேல இல்லாம, பேங்குல ஒரு மூட்டை ஒத்த ரூபா சில்லறை வாங்கிட்டு வந்தாரு. பொட்டிக்கட வைக்கலாம்னு யோசன. எண்ணுறப்ப ஒண்ணு கைநழுவி அம்மிக்கல்லுல விழுந்துச்சு.

மத்த காசு விழுந்தா டக்குனு கேக்கும். இது டிங்ங்குனு கேட்டுச்சு. நீளமா.

எடுத்துப் பாத்தா, கிரீடம் வச்ச ராஜா தல. வெள்ளைக்காரன் காலத்து எட்டணா. சுத்த வெள்ளி. எவளோ ஒரு பாட்டி கோயில் உண்டியல்ல போட்டிருக்கா, உண்டியல் காசு பேங்குக்கு வந்திருக்கு, பேங்குக் காசு அம்மிக்கல்லுக்கு வந்திருக்கு.

அண்ணாச்சி சம்சாரம் ஆவுடைத்தாயி அத வாங்கி, முந்தானையில தொடச்சு, வெளிச்சத்துல காட்டிப் பாத்தா.

"பாத்தீங்களா. ஒங்களுக்குன்னு ஒண்ணு வந்திருக்கு" அப்படின்னா.

அம்புட்டுத்தான். பொட்டிக்கட போயிருச்சு. சிலபேரு பொழுதுபோக்குக்குச் சீட்டு வெளயாடுவாங்க, சிலபேரு மீன் பிடிப்பாங்க. அண்ணாச்சி திங்கக்கிழமையானா நோட்டக் குடுத்து மூட்டைய வாங்குவாரு. ஒடஞ்ச ஸ்பீக்கர்ல இருந்து எடுத்த காந்தத்த உள்ள விடுவாரு. இரும்புக் காசெல்லாம் ஒட்டிக்கிட்டு வந்துரும். ஒட்டாதத ஒண்ணொண்ணா அம்மிக்கல்லுல போட்டு, காதக் குடுத்துக் கேப்பாரு. டக்கு. டக்கு. டக்கு. வியாழக்கிழம மூட்டையக் கட்டித் திருப்பிக் குடுத்துருவாரு. மறுபடி திங்கக்கிழம, மறுபடி மூட்டை.

ஆவுடைத்தாயி பக்கத்துல உக்காந்து ஏதாச்சும் பேச வருவா.

"ச்சூ. சத்தம் கேக்கல"ம்பாரு.

குழம்புக்குப் புளி இல்லன்னு சொல்ல வருவா. ச்சூ. மக பேறுகாலத்துக்குத் தேதி குடுத்திருக்காங்கன்னு சொல்ல வருவா. ச்சூ.

ஒரு நாள் அவ பெட்டியக் கட்டுனா. சண்டையெல்லாம் இல்ல. வாசல்ல நின்னு ஒரே ஒரு பேச்சு.

"நான் இல்லாட்டி நல்லாக் கேக்கும்."

வல்லாநேரியில இருக்குற அக்கா வீட்டுக்குப் போயிட்டா.

இப்ப அந்த அக்கா புருசன் வந்து சேதி சொல்லிட்டுப் போயிருக்காரு. மார்கழி முடியுறதுக்குள்ள அண்ணாச்சி நேர்ல வந்து வாசல்ல நின்னு கூப்பிடணும். போன்ல கூப்பிட்டா ஆகாது. கூப்பிட்டா வருவா. இல்லாட்டி போகியன்னிக்கு ராத்திரி ரயிலு, மக கூட கோயமுத்தூரு. அதோட சரி.

"போய்க் கூப்பிட வேண்டியதுதான அண்ணாச்சி" அப்படின்னாரு சாமி.

"வெறுங்கையோடயா? இம்புட்டு வருசம் உக்காந்து தேடிட்டு, ஒரு வெள்ளி கூட இல்லாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்? ஒண்ணே ஒண்ணு சாமி. ஒண்ணு கெடச்சா அவ கையில குடுத்து, வாடின்னு கூப்பிட்டுருவேன்."

சாமி பிரஷ்ஷக் கீழ வச்சாரு.

மூட்டை முடிச்ச அவுத்தாரு. மேலாப்புல கெடந்த ஒரு காச எடுத்து, பெருவிரலப் பெயிண்டுல தொட்டு, நடுவுல ஒரு பொட்டு வச்சாரு. திரும்ப மூட்டைக்குள்ள போட்டாரு.

"சாமி, பெயிண்டு ஆயிருச்சே. பேங்குல வைவாங்க."

"காயட்டும்" அப்படின்னுட்டு மறுபடி கேட்டுப் பக்கம் திரும்பிட்டாரு.

அண்ணாச்சி இறங்கிப் போனாரு. வியாழக்கிழம மூட்டையக் குடுத்தாரு. திங்கக்கிழம மூட்டைய வாங்குனாரு. அன்னிக்குச் சாயங்காலமே ஒரு காசக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டமும் நடையுமா மேல வந்தாரு.

"சாமி, பாருங்க. நீங்க ஆசீர்வாதம் பண்ணுன காசு. ஊரெல்லாம் சுத்திட்டு என்கிட்டயே வந்துருச்சு."

சாமி காசப் பாத்தாரு. பச்சப் பொட்டு. சாமி விரல் ரேக கூட அப்படியே இருந்துச்சு.

"எந்த ஊரெல்லாம் சுத்துச்சு?"

"எந்த ஊரோ. அற்புதம் சாமி. எனக்கு நேரம் திரும்பிருச்சு. அடுத்த மூட்டையில வெள்ளி இருக்கு, பாத்துக்கிட்டே இருங்க."

சாமி ரொம்ப நேரம் அவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. அழுகுறாரா சிரிக்கிறாரான்னு தெரியல. பெயிண்டு வாட கண்ணுல பட்டாலும் அப்படித்தான் இருக்கும்.

அப்புறம் பெயிண்டு டப்பாவத் தூக்கி அண்ணாச்சி கையில குடுத்தாரு.

"எல்லாத்துக்கும் வைங்க."

"எல்லாத்துக்குமா?"

"மூட்டை பூரா."

"வெள்ளி வருமா சாமி?"

"பொட்டு வைங்க."

வச்சாரு. புதுப் பொண்ணுக்குப் பொட்டு வைக்கிற மாமியா மாதிரி, ஒண்ணொண்ணா எடுத்து, தொடச்சு, நடுவுல வச்சு, பாயில காயப் போட்டாரு. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு. வீடு பூராப் பச்ச. மார்கழி ஒரு பக்கம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. வல்லாநேரிக்குத் தெனமும் பஸ்ஸும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அண்ணாச்சி பொட்டு வச்சுக்கிட்டு இருந்தாரு.

காஞ்சதும் கட்டிக் கொண்டு போய்க் குடுத்தாரு. அடுத்த மூட்டைய வாங்கப் போன அன்னிக்குத்தான் போகி.

மூட்டைய பேங்கு வாசல்லயே வச்சுப் பிரிச்சாரு. வீட்டுக்குப் போற வரைக்கும் பொறுக்கல.

பச்ச.

கைய விட்டுக் கிண்டுனாரு. அடியில பச்ச. ஓரத்துல பச்ச. மூட்டையில இருந்த அம்புட்டும் பச்சப் பொட்டு வச்சுக்கிட்டு அவரயே பாத்துச்சு.

திரும்ப உள்ள ஓடுனாரு. கேஷ் கவுண்டர்ல ஜெபமணி மேடம் இருந்தாங்க. நல்ல மனுசி. அண்ணாச்சி மேல பிரியமா இருப்பாங்க.

"மேடம், இது நான் குடுத்த மூட்டையில்லா?"

"ஆமா சார்."

"போன தடவ வாங்குனது?"

"அதுவும் நீங்க குடுத்ததுதான்."

அண்ணாச்சி கண்ணாடிக்குள்ள இருக்குற ஓட்டையில வாய வச்சு மெதுவாக் கேட்டாரு. "அப்ப அதுக்கு முந்தி?"

"சார், இந்த ஊர்ல உங்களத் தவிர யாரு சில்லறை வாங்குறா? பூக்காரம்மா கூட அட்டையத் தொங்கவிட்டு செல்போன்ல வாங்குது. கோயில் உண்டியல் காசும் இப்ப இங்க வர்றதில்ல, வல்லாநேரி பேங்குக்குப் போயிருது. எங்ககிட்ட இருக்குறதே இந்த ஒரு மூட்டைதான். நீங்க குடுப்பீங்க, அலமாரியில வைப்போம். நீங்க கேப்பீங்க, எடுத்துக் குடுப்போம். மொதல்ல எண்ணிப் பாத்தோம். அப்புறம் உங்க கைய நம்பி, முடிச்சக் கூட அவுக்கிறதில்ல."

"சொல்லியிருக்கலாமே மேடம்."

"நீங்க கேக்கலையே சார். சந்தோசமா வாங்கிட்டுப் போவீங்க. உங்களுக்கு அதுல ஏதோ வேண்டுதல்னு நெனச்சோம்."

நீங்க சிரிக்கிறீங்க. இதக் கூடவா கண்டுபிடிக்கலன்னு. உங்க வீட்டு அரிசிப் பானையில நேத்துப் பாத்த அரிசி எதுன்னு எடுத்துக் காட்டுங்க பாப்போம். அப்புறம் சிரிங்க.

அண்ணாச்சி மூட்டையத் தூக்கல. வாசல்லயே விட்டுட்டுக் கரட்டு மேல ஏறுனாரு. பொழுது சாஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கேட்டுக்குப் பெயிண்டு ஒரு வழியா அடிச்சு முடிஞ்சு, சாமி கையில இருந்த பெயிண்ட மண்ணெண்ண போட்டுத் தொடச்சுக்கிட்டு இருந்தாரு.

அண்ணாச்சி எதுத்தாப்புல உக்காந்தாரு.

"ஒரே மூட்டை சாமி."

"ம்."

"மூணு வருசமா. அதே காசு. அத வச்சுக்கிட்டு அவள வாயத் தொறக்க விடாமப் பண்ணிட்டேன்."

"ம்."

"உங்களுக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"வேற ஊரு பேங்குக்குப் போயிருப்பேன்."

சொன்ன பெறகுதான் அது அவரு காதுல விழுந்துச்சு. தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

சாமி துணிய ஓரமாப் போட்டாரு.

"ராத்திரி தான அவங்களுக்கு ரயிலு?"

"ஆமா."

"வல்லாநேரி பஸ்ஸு இப்ப வர்ற நேரம். இன்னிக்கு இதுதான் கடைசி."

அண்ணாச்சி அசையல. "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போக சாமி. கதவத் தொறப்பாளான்னே தெரியல. காலு வரல."

சாமி அவரு காலப் பாத்தாரு. அப்புறம் சாதாரணமாக் கேட்டாரு.

"வல்லாநேரியில பேங்கு இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கு சாமி. நம்ம கோயில் உண்டியல் காசெல்லாம் இப்ப அங்கதான் போகுதாம். மேடம் சொன்னாங்க. பெரிய பேங்கு, மூட்டை மூட்டையா இருக்கும்."

பேசப் பேசவே அண்ணாச்சி எந்திரிச்சுட்டாரு. துண்ட உதறித் தோள்ல போட்டாரு. வேட்டிய மடிச்சுக் கட்டுனாரு. காலு தானா இறங்க ஆரம்பிச்சுச்சு.

பாதிக் கரட்டுல நின்னுட்டாரு.

கீழ ரோட்டுல பஸ்ஸு வந்து நின்னுச்சு. ஒரு அம்மா கூடைய ஏத்திக்கிட்டு இருந்துச்சு. கண்டக்டரு மேல பாத்து, வர்றீங்களான்னு கைய ஆட்டுனாரு.

அண்ணாச்சி பஸ்ஸப் பாத்தாரு. தன் காலப் பாத்தாரு. திரும்பி மேல பாத்தாரு.

"சாமி."

"சொல்லுங்க."

"இப்ப நான் யாரப் பாக்கக் கிளம்புனேன்? அவளையா, பேங்கையா?"

சாமி ஓரமாப் போட்ட துணிய எடுத்து மடிச்சாரு.

"எனக்கே தெரியல சாமி. அவளுக்காகத்தான் போறேன்னு என் நெஞ்சு சுத்தமாச் சொல்லணும். சொன்னாத்தான் நான் ஏற முடியும். இல்லேன்னா அங்கயும் போய் அவள..." கண்ண மூடிக்கிட்டாரு. உள்ளுக்குள்ள என்னமோ கேக்குதான்னு காதக் குடுத்துக்கிட்டு நின்னாரு.

கூடை ஏறிருச்சு. அந்த அம்மாவும் ஏறிருச்சு.

கண்டக்டரு கொஞ்சம் பொறுத்தாரு. நல்ல மனுசன், இன்னும் கொஞ்சம் பொறுத்தாரு.

ரெண்டு விசிலு.

பஸ்ஸு சத்தம் வளைவுல திரும்பி, தேஞ்சு, இல்லாமப் போச்சு. அண்ணாச்சி கண்ணத் தொறந்தாரு. ரோடு காலியாக் கெடந்துச்சு.

மேலருந்து சாமி கேட்டாரு.

"நெஞ்சையுமா அம்மிக்கல்லுல தட்டிப் பாத்தீங்க அண்ணாச்சி?"

கத முடிஞ்சுது. மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு நைசா நழுவாதீங்க, ஓசியில துக்கப்பட்டுட்டுப் போற வேலையெல்லாம் நம்மகிட்ட ஆகாது. அந்தா தெரியுதுல்ல டீக்கட, அங்க ஒரு டீ, ரெண்டு உளுந்த வட என் பேர்ல சொல்லிட்டுப் போங்க. அழுதவங்க தனியா ஒரு பஜ்ஜி.