விழுங்கிய எழுத்து

பெரியநாயகி அன்று மடத்துக்குப் போனது கும்பிட அல்ல, சண்டை போட.

ஆற்றங்கரையில் ஓடு வேய்ந்த சின்ன மடம். அதில் இருந்த ஞானவடிவு அம்மைக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. பெரியநாயகிக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. மகள் வயதுப் பெண்ணிடம் போய் மந்திரம் வாங்கினாளே என்று ஓரகத்தி குத்திக் காட்டியபோது, "டாக்டருக்குத் தலை நரைச்சிருக்கான்னு பாத்துட்டா நீ மருந்து குடிக்கிறே?" என்று அவள் வாயை அடைத்தவள்தான். இன்று அந்த மருந்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

அவள் கணவர் தாண்டவராயன் வாழைத்தார் மண்டியில் ஏலம் விட்டவர். அவர் தொண்டையைத் திறந்தால் மண்டியில் மற்ற வாயெல்லாம் மூடிக்கொள்ளும். போன ஆடியில் ஒரு காலை, குடித்த காப்பி கடைவாயில் வழிந்தது. பக்கவாதம். வலப்பக்கம் மெல்ல மெல்ல உயிர் பெற்றது, பிடித்துக்கொண்டால் நடந்தார். பேச்சு மட்டும் போனது போனதுதான். விளக்கு வைக்கும் நேரமானால் இடக்கையின் கட்டைவிரல் நடுவிரலை உரசிக்கொண்டே இருக்கும். கை நடுக்கம் என்று டாக்டரிடம் அதையும் சொல்லி வைத்திருந்தாள்.

"பொறுத்துத்தான் பாக்கணும்" என்றார் டாக்டர்.

பொறுமை என்பது பெரியநாயகியின் அடுக்களையில் எந்த டப்பாவிலும் இல்லாத சாமான். அம்மையிடம் வந்து ஐந்தெழுத்தையும் ஒரு ஜபமாலையையும் வாங்கிக்கொண்டாள். அந்தி தவறாமல் விளக்கேற்றினாள், மாலையை உருட்டினாள். இந்த மனுஷனுக்கு ஒரு வார்த்தை வரணும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

மாசி பிறந்துவிட்டது. வார்த்தை வரவில்லை.

"அம்மா, இந்தாங்க உங்க மாலை. இனிமே நான் சொல்றதா இல்லை."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மை நிமிரவில்லை. "வாங்கிக்கிறேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க."

"என்னத்தைச் சொல்ல?"

"வீட்ல எப்படிச் சொல்லுவீங்களோ அப்படி."

பெரியநாயகி சப்பணமிட்டு உட்கார்ந்து கண்ணை மூடினாள். வாய் திறந்ததுதான் தெரியும். நமசிவா நமசிவா நமசிவா என்று சரவெடி கொளுத்திவிட்ட மாதிரி போயிற்று. அடுப்பில் குக்கர் விசில் அடிப்பதற்குள் ஒரு சுற்று முடித்துப் பழகிய வாய்.

அம்மை கொஞ்ச நேரம் கேட்டாள்.

"போதும், பெரியநாய அம்மா."

பெரியநாயகி கண்ணைத் திறந்தாள். தன் காதில்தான் கோளாறு என்று நினைத்தாள். "என்ன சொன்னீங்க?"

"போதும்னேன், பெரியநாய அம்மா. அந்தத் தண்ணிச் செம்பை இப்படி நகர்த்துங்க."

தூணோரம் பூத்தொடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோள்கள் குலுங்கின.

"என் பேரு பெரியநாயகி! கோயில்ல நிக்கிற அம்பாள் பேரு!"

"தெரியுமே. ஒரே ஒரு எழுத்துதானே விட்டுப்போச்சு, பெரியநாய அம்மா."

"ஒரு எழுத்தா? அதை முழுங்கிட்டா அப்புறம் நிக்கிறது நாய்தானே! அந்த ஒரு எழுத்துலதானே நான் இருக்கேன்!"

அம்மையின் விரல்கள் கீரைத் தண்டில் நின்றன.

"அஞ்செழுத்துக்கும் பொருள் சொல்லிக் குடுத்தேனே, நினைவிருக்கா?"

"ஏன் இல்லாம? ந, மறைப்பு. ம, மலம். சி, சிவம். வா, அவனோட அருள். ய..."

பெரியநாயகி நிறுத்தினாள்.

"சொல்லுங்க."

"ய, உயிரு."

"உங்க வாயிலேருந்து அதைத் தவிர மத்ததெல்லாம் வருது."

பூத்தொடுத்தவர்களின் சிரிப்பு எங்கோ போயிருந்தது. பெரியநாயகி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வேகத்துல ஒரு எழுத்து விட்டுப்போனா அவனுக்குப் புரியாதாக்கும்?"

"அவனுக்குப் புரியும்" என்றாள் அம்மை. நீட்டிய மாலையை அவள் வாங்கவில்லை. "இன்னைக்கு ஒரு நாள் சொல்லுங்க. விளக்கை நீங்க மலையேத்த வேண்டாம், அதுவா ஏறட்டும். அதுவரைக்கும் எழுந்திருக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் ய வரைக்கும் போய்ட்டு வாங்க."

"எண்ணெய் தீர்ற வரைக்கும் நான் உக்காந்திருந்தா அடுப்படியை யார் பாப்பா?"

"நாளைக்கு மாலையைக் கொண்டுவந்து குடுத்துடுங்க" என்று அம்மை கீரைக்குத் திரும்பினாள்.

விளக்கை அணைப்பது என்று பெரியநாயகி வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள், மலையேற்றுவது என்பார்கள். ஆனால் அவள் மலையேற்றுகிற வேகத்தைப் பார்த்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது போலத்தான் இருக்கும். உருட்டிய மாலையைக் கீழே வைக்கும்போதே பூக்காம்பால் சுடரை அமுக்கிவிடுவாள்.

அன்று அந்தியில் அகலில் அரைவாசிதான் எண்ணெய் ஊற்றினாள். அம்மை அளவு ஒன்றும் சொல்லவில்லையே.

சாமி அலமாரி கூடத்துச் சுவரில் இருந்தது. அதைப் பார்த்து அவள் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் அவருடைய கட்டில்.

நமசிவாய என்று ஆரம்பித்தாள். நாலைந்து முறைக்குள் நாக்கு பழைய தடத்துக்கே ஓடியது. இழுத்துப் பிடித்தாள். மறுபடி ஓடியது. மறுபடி இழுத்தாள். வாவுக்குத் திறந்த வாயை மூடாமல் யவுக்குக் கொண்டுபோவது இத்தனை தூரம் என்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் அங்கே போய்ச் சேர்ந்ததும் மூச்சு கொஞ்சம் நின்றது. அந்த இடத்தில் சத்தம் இல்லை. இத்தனை மாதமாக அவள் காலே வைக்காத இடம்.

சுடரைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஏற்றுகிற விளக்கு. சுடரின் அடியில் நீலம் இருப்பதை இன்றுதான் பார்க்கிறாள். திரி கருகுகிறது, எண்ணெய் இறங்குகிறது, சுடர் மட்டும் மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறது. அடுப்படி அவளைக் கூப்பிட்டது. போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுப்படி கூப்பிடுவதையே விட்டுவிட்டது.

எண்ணெய் வற்றியது. சுடர் சுருங்கி, உளுந்தளவாகி, ஒரு தரம் நெடுநெடுவென்று எழுந்து நின்றது.

"நமசிவா..." என்று சொன்னவள் அப்படியே வாய்பிளந்து போனாள்.

சுடர் இல்லை. புகை ஒரு நூலாக மேலே ஏறியது. மிச்ச எழுத்து அவள் தொண்டையிலேயே நின்றது.

முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"...ய."

துருப்பிடித்த தாழ்ப்பாள் நகர்ந்த மாதிரி. பல்லியாக இருக்கும் என்றது மனசு. பல்லி எழுத்துச் சொல்லாது என்றும் அதுவே சொன்னது. பெரியநாயகிக்குத் திரும்பப் பயமாக இருந்தது. திரும்பினால் அது போய்விடுமோ?

சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "நமசிவா."

நிறுத்தினாள். காத்திருந்தாள். அவள் ஆயுசில் அப்படி எதற்கும் காத்திருந்ததில்லை.

"...ய."

திரும்பினாள்.

தெருவிளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியாக அவர் முகத்தில் விழுந்திருந்தது. கோணியிருந்த உதடு பாடுபட்டுக்கொண்டிருந்தது. கண்ணில் நீர். ஆனால் பெரியநாயகி பார்த்தது அதை அல்ல. போர்வைமேல் கிடந்த அவருடைய இடக்கையை. கட்டைவிரல் நடுவிரல்மேல் நகர்ந்தது, நின்றது. உதடு அசைந்தது. மறுபடி நகர்ந்தது, நின்றது.

நடுக்கம் இப்படி நின்று நின்று வராது.

அவர் மாலை உருட்டிக்கொண்டிருந்தார். கையில் மாலை இல்லாமல்.

அவள் கட்டிலருகே போய் மண்டியிட்டாள். "எப்பலேருந்து?" என்றாள். "ஏங்க, எப்பலேருந்து?"

அவரால் சொல்ல முடியவில்லை. விரல் மட்டும் நகர்ந்தது. ஆடிக்குப் பிறகு ஒவ்வொரு அந்தியும் அந்த விரல் இப்படித்தான் நகர்ந்தது. அவள் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு அந்தியும் அந்த உதடு அந்த ஒரு எழுத்துக்கு வந்து சேர்வதற்குள் அவள் அடுத்த நமசிவாவில் இருந்திருக்கிறாள். அவள் சத்தத்தில் அவளுக்கே எதுவும் கேட்டதில்லை.

மறுநாள் காலை பெரியநாயகி வெறுங்கையோடு மடத்துக்கு வந்தாள். பூத்தொடுக்கிற பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாலையைக் கொண்டுவந்தீங்களா?" என்றாள் அம்மை.

"கொண்டுவரலை. அது அவர் கையில இருக்கு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். நிதானமாக, எந்தச் சொல்லையும் விழுங்காமல். அம்மை கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. நேத்து வரைக்கும் நான் சொன்னது அத்தனையும் குறைதானே? ஒண்ணாவது முழுசா அவன்கிட்ட போயிருக்குமா?"

ஞானவடிவு அம்மை எழுந்து, தன் தாய் வயதுக்காரியின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எது குறை, பெரியநாயகி அம்மா? அஞ்செழுத்தும் உங்க வீட்டிலேருந்து போயிருக்கே. நாலு உங்க வாயிலேருந்து, ஒண்ணு அவர் வாயிலேருந்து."