கும்பலிங்கத்தின் பாதிச் சாப்பாடு

முன்னொரு காலத்தில், மலைகள் மொட்டையாகி மழை வழி மறந்துபோன நான்கு தேசங்களின் ராஜாக்கள் ஒரு பந்தலில் கூடினார்கள். பேச்சைவிட விருந்து பெரிது. கை கழுவியபின், "இனி அரண்மனை விறகைப் பாதியாகக் குறைப்போம்" என்று சத்தியம் செய்தார்கள்.

"எதில் பாதி?" என்றது ஒரு குரல்.

"வரப்போகும் தை மாதச் செலவில்!" என்று முந்திக்கொண்டார் நம் ராஜாவின் பிரதானி வாசவராயர். மற்ற மூன்று பிரதானிகளும் உடனே தலையாட்டினார்கள். கெட்டிக்காரத்தனம் ஒரு தேசத்துக்கு மட்டுமா சொந்தம்?

அந்தத் தையில் அரண்மனை அடுப்பு அணையவே இல்லை. யானைக்குக்கூட வெந்நீர்க் குளியல். மாசியில் அதைப் பாதியாக்கினார்கள். அதாவது, என்றும் எரிக்கிற அளவுக்கு வந்து சேர்ந்தார்கள். சூது தெரியாத ராஜா பூரித்துப்போனார்.

விகடகவி கும்பலிங்கம் மட்டும் சபையில் சிரித்துத் தொலைத்தான். அவன் அடக்கினாலும் தொந்தி குலுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

வாசவராயர் விடுவாரா? "மகாராஜா! நாட்டிலேயே பெரிய அடுப்பு இவன் வயிறுதான். இவனும் பாதியாக்கட்டும். தவறினால் நாடு கடத்துங்கள்."

"அப்படியே ஆகட்டும்!"

கும்பலிங்கம் கைகூப்பினான். அவன் கவிதைக்கு அயல்தேசத்தில் அரைக் கொழுக்கட்டைகூடத் தேறாது என்பது அவனுக்கே தெரியும். "உத்தரவு, பிரபு. அளவு மட்டும் பிரதானியார் வழியிலேயே இருக்கட்டும். வரப்போகும் பங்குனிச் சாப்பாட்டில் பாதி."

பங்குனி முழுக்க அரண்மனை மடைப்பள்ளியில் இரட்டிப்பாகத் தின்றான். முதல் வாரம் சொர்க்கம். அப்புறம் பணியாரத்தைக் கண்டாலே கண்ணில் நீர் வந்தது.

"இன்னும் ரெண்டு வைக்கட்டுமா சாமி?" என்பான் பரிசாரகன்.

"நாட்டுக்காக வையப்பா," என்று முனகுவான்.

சித்திரை பிறந்தது. அதில் பாதியைத் தின்றுகொண்டு மாதத்தை ஓட்டிவிட்டு, ஏப்பத்தோடு சபைக்கு வந்தான்.

"என்னடா இது! தொந்தி ஒரு விரற்கடைகூடக் குறையவில்லையே?" என்றார் ராஜா.

"மலையிலும் ஒரு மரம்கூடத் துளிர்க்கவில்லை, பிரபு. ஆனாலும் பிரதானியாரும் அடியேனும் வாக்கைக் காப்பாற்றிவிட்டோம். முதலில் ஊதவைத்து, பிறகு பாதியாக்குவது. அவர்தான் குரு."

வாசவராயர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். ராஜா சாளரம் வழியே பார்த்தார். விறகு வண்டிகள் பழையபடி வாசல்வரை நின்றன. மறுபடி தொந்தியைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார்.

"பிரதானி! இனி போன வருஷத்து விறகில் பாதி. குறையாவிட்டால் நாடு கடத்தல் உமக்கு! கும்பலிங்கம், உனக்குப் பொன்தட்டு!"

நெஞ்சை நிமிர்த்திப் போனவன், தட்டைப் பார்த்ததும் சுருங்கிவிட்டான். அசல் பொன்தான். ஆனால் அவன் வழக்கமாக உண்ணும் தட்டில் சரிபாதி.

"உனக்கும் போன வருஷத்து அளவில் பாதிதான்," என்றார் ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நாட்டுக்காக!"