வெள்ளீயத்தின் இரண்டு பொறி

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது என் மூத்த மகள் வினோலியா. போன தவக்காலத்தில், இரண்டாம் வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து வந்து இருவரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். மலைக்கு அடியில் சுரங்கம் குடைந்து, அதற்குள் ஒரு வெள்ளீயக் கட்டியை வைத்து ஒன்பது வருஷமாகக் காத்திருக்கிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி. “ஒண்ணும் நடக்காததைப் பாக்கவா இவ்வளவு படிப்பு?” என்று என் நாத்தனார் அன்றைக்குத்தான் கேட்டுவிட்டுப் போயிருந்தாள். எனக்கு மனசு ஆறவில்லை. “அப்படி என்னத்தட்டி எதிர்பாத்துக்கிட்டு இருக்கீங்க?” என்று கேட்டேன். நான் எட்டாவது வரை படித்தவள். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். இதில் அவள் சொன்னது பாதி; ஜெபமாலை உருட்டும்போது தானாக வந்து ஒட்டிக்கொண்டது மீதி.

அந்தக் காலத்தில் கல்லும் உலோகமும் வாய் திறந்து பேசும். ஒவ்வொரு உலோகத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி வீடுகள் இருந்தன. வீட்டுக்குள் இரண்டு வகை ஆட்கள். விளக்கு வைத்திருப்பவர்கள் ஒரு வகை, விளக்கில்லாதவர்கள் இன்னொரு வகை. எத்தனை விளக்கு எரிகிறதோ அதை வைத்துத்தான் வீட்டுக்குப் பெயர். ஐம்பது எரிந்தால் வெள்ளீயம். ஐம்பத்தொன்று எரிந்தால் அஞ்சனக்கல், கண்மை அரைப்பார்களே அது. ஐம்பத்திரண்டுக்கும் வினோலியா ஒரு பெயர் சொன்னாள், என் வாயில் அது நிற்கவில்லை. நாம் கீழ்வீடு என்று வைத்துக்கொள்வோம்.

விளக்கில்லாதவளும் விளக்கேற்றலாம். ஏற்றினால் அவள் மடியிலிருந்து ஒரு பொறி தெறித்து வெளியே ஓடும். கூடவே ஒரு வழிப்போக்கனும் கிளம்புவான். அவனை யாரும் பார்க்க முடியாது, எந்தச் சுவரும் அவனைத் தடுக்காது. போகிற போக்கில் கொஞ்சம் சூட்டையும் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

வெள்ளீய வீட்டில் யாரும் ஒற்றையாக இருப்பதில்லை. விளக்குக்காரிக்கு விளக்குக்காரி ஜோடி, இருட்டுக்காரிக்கு இருட்டுக்காரி ஜோடி. தூங்குவதும் சண்டை போடுவதும் ஜோடியோடுதான். அப்படி ஒரு ஜோடி இருளாயியும் பேச்சியும். பேச்சிக்கு இருளாயி மதினி முறை. உலகம் உண்டான நாளிலிருந்து கை கோத்து இருந்தவர்கள், ஆனால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்ததே கிடையாது. விளக்குக்காரிகளின் வெளிச்சம் விளக்குக்காரிகள் முகத்தில் மட்டும்தான் விழும். ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட வேண்டும், இதுதான் இருவருக்கும் ஆசை.

உலோகங்களுக்கெல்லாம் மணியக்காரர் கருங்கல். அவரிடம் போய்க் கேட்டார்கள்.

“ஒருத்தி ஒருத்தியாத்தான் ஏத்தணும்,” என்றார் கருங்கல். “முதல்ல ஒருத்தி ஏத்தி, வீடு அஞ்சனக்கல் ஆகட்டும். அதுக்கப்புறம் மத்தவ ஏத்தி, கீழ்வீடு ஆகட்டும். இதுதான் சட்டம்.”

அஞ்சனக்கல் வீடு ஒரு மேட்டில் இருந்தது; கீழ்வீடு அதற்கு அந்தப் பக்கம் பள்ளத்தில். ஒருத்தி மட்டும் விளக்கேற்றிக்கொண்டால் அவளுக்கும் ஜோடி இல்லை, அவள் விட்டுவந்தவளுக்கும் ஜோடி இல்லை. அந்த ஒற்றைத்தனம்தான் அங்கே மேடாகக் குவிந்து கிடந்தது. அதில் ஏறுகிற தெம்பு வெள்ளீயத்துக்காரிகளுக்குக் கிடையாது. மணியக்காரருக்கும் அது தெரியும்.

“ஏற முடியாத மேட்டைக் காட்டி ஏறுங்கிறீரே, உமக்கு முழங்காலுன்னு ஒண்ணு இருக்கா?” என்று பேச்சி கேட்டாள்.

“வாயை அடக்கு. ஒருத்தியை விட்டு ஒருத்தி இருக்கப் பழகுங்க. தெம்பு தானா வரும்.”

“வராது,” என்றாள் இருளாயி. அவள் அதிகம் பேசாதவள். “இவளை விட்டுட்டு எனக்கு விளக்கு எதுக்கு? யாரு மூஞ்சியப் பாக்க?”

“அப்போ இருட்டுலயே கெடங்க!”

கிடந்தார்கள். மலை முளைத்தது, கடல் விலகியது. ஒரு நாள் பேச்சி மெதுவாகச் சொன்னாள். “மதினி, அந்த மேட்டுல போய் நிக்கணும்னாத்தானே தெம்பு வேணும்? நிக்காமலே போனா?”

“அதெப்படிட்டி?”

“நீ ஏத்துற அதே இமைப்பொழுதுல நானும் ஏத்திருதேன். அம்பதுல இருந்து நேரா அம்பத்திரண்டு. அஞ்சனக்கல் வாசலை நாம மிதிக்கவே இல்ல.”

“ஒரு இமை பிசகினா?”

“மேட்டுல முட்டி, மறுபடியும் இருட்டுல விழுவோம். இப்ப மட்டும் எங்க இருக்கோம்?”

ஆண்டவனை நினைத்துக்கொண்டு எழும்பினார்கள். பேச்சி ஒரு இமை முந்திவிட்டாள். முட்டி விழுந்தார்கள். அடுத்த முறை இருளாயி முந்தினாள். மறுபடி விழுந்தார்கள். கருங்கல் ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்த்துச் சிரிப்பார். “என்னம்மா, இன்னைக்கும் மண்டையில வீக்கமா?”

“ஆமா, நாளைக்கும் வீங்கும். வந்து பாரும்,” என்பாள் பேச்சி.

எத்தனை கோடி தடவை விழுந்தார்களோ, கணக்கே கிடையாது. ஒருத்தி கையை ஒருத்தி விடவில்லை. ஒரு நாள் இரண்டு மூச்சும் ஒரே மூச்சாக வந்தது. தாண்டிவிட்டார்கள். இரண்டு பொறி ஒன்றாகத் தெறித்தது, இரண்டு வழிப்போக்கர்கள் நழுவினார்கள். வெள்ளீய வீடு அந்த இமையிலேயே கீழ்வீடாகிவிட்டது.

இருளாயி விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். “ஏட்டி, ஒன் மூக்கு இவ்வளவு சப்பையா?”

“ஒன் காது மட்டும் என்னவாம், மதினி?” என்றாள் பேச்சி.  இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

கருங்கல்லுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “சட்டத்தை மிதிச்சுட்டீங்க. இனிமே ஒங்க கூட்டத்துல யார் இப்படிப் போகணும்னாலும், மலை தேய்ஞ்சு மணலாகி, மணல் திரும்ப மலையாகி, அதுபோல கோடி தடவை ஆகுற காலம் காத்துக் கெடக்கணும். அப்படிப் போனாலும் ஒருத்தரும் நம்பமாட்டாங்க. வானத்துல இருந்தும் மண்ணுல இருந்தும் பொய்ப்பொறியா கொட்டி, ஒங்க பொறியை மறைச்சிருவேன்.”

“காத்துக்கெடப்போம்,” என்றாள் இருளாயி. “காத்துக்கெடக்க எங்களை நீர்தானே பழக்கி விட்டீர்? எங்களை நம்புறவங்களும் காத்துக்கெடப்பாங்க. உம்ம பொய்ப்பொறி நுழையாத ஆழத்துல போய் உக்காருவாங்க. ரெண்டு பொறியோட சூட்டையும் சேத்து நிறுத்துப் பாப்பாங்க.”

“நிறுத்தாலும் எடை குறையும். வழிப்போக்கனுங்க சூட்டைத் தூக்கிட்டுப் போயிருவானுங்க.”

“என்னைக்காவது ஒரு நாள் அந்த ரெண்டு பேரும் எங்க வாசப்படியிலேயே ஒருத்தனை ஒருத்தன் கட்டிப் பிடிச்சுக் கரைஞ்சு போவானுங்க. அன்னைக்கு முழுச் சூடும் ரெண்டு பொறியிலதான் இருக்கும். எடை ஒரு இம்மி குறையாது. அப்போ எங்க கொண்டு போய் வைப்பீர் உம்ம சட்டத்தை?”

 அதோடு கருங்கல்லின் பேச்சே நின்றுபோயிற்று.

அப்படி அந்த வழிப்போக்கர்கள் வாசலில் கரைந்தார்களா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. வேறு சில உலோகங்களில் ஜோடியாகத் தாண்டியவர்களை ஆட்கள் பார்த்து அளந்திருக்கிறார்கள். அங்கேயும் எடை குறைந்துதான் இருந்ததாம். வெள்ளீயத்தில் இன்னும் ஒருத்தரும் அகப்படவில்லை. “அகப்படாட்டா என்னம்மா, பத்தாவது வருஷமும் உக்காருவோம்,” என்றாள் வினோலியா. கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, மறுநாளே சுரங்கத்துக்குக் கிளம்பினாள்.

இருளாயியும் பேச்சியும் தாண்டிய நாளிலிருந்துதான் அந்த மாதிரி எந்த வெள்ளீய வீட்டிலிருந்தும் ஒருத்தி மட்டும் தனியாக வெளியேறுவதே கிடையாது. போனால் இருவரும் ஒரே இமையில், கை கோத்துக்கொண்டுதான். இல்லையென்றால் உலகம் முடியும்வரை இருட்டில் இருப்பார்கள், ஒற்றையாக இறங்கி வரமாட்டார்கள்.

உங்கள் வீட்டில் வெள்ளீயம் பூசின பாத்திரம் இருந்தால், தேய்க்கும்போது கொஞ்சம் மெதுவாகத் தேயுங்கள்.