கோ உடுத்திய இரவல் சேலை

அந்தக் காலத்தில், சொற்களும் கை காலோடு நடமாடி, சண்டை போட்டு, சோறு பொங்கித் தின்றுகொண்டிருந்த காலத்தில், இங்கிலீஷ் சீமையின் நடுவே ஓர் ஆறு ஓடியது. ஆற்றின் இந்தக் கரைக்கு இன்று என்று பெயர். அந்தக் கரைக்கு நேற்று. வினைச்சொற்கள் எல்லாம் இன்றுக் கரையில் குடியிருந்தன. நடக்கிற வேலைக்கு வாக், சமைக்கிற வேலைக்கு குக், சாப்பிடுகிற வேலைக்கு ஈட் என்று ஆளுக்கு ஒரு வேலை. செய்து முடித்த வேலையை மூட்டையாகக் கட்டித் தோணியில் ஏற்றி, நேற்றுக் கரையில் இறக்கிவிட்டு வர வேண்டும்.

அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. வேலைத்துணியோடு நேற்றுக் கரையில் இறங்கக் கூடாது. ஒவ்வொருவரிடமும், நேற்றுக் கரையில் தனக்கு வழங்குகிற பேர் நெய்த மாற்றுத்துணி ஒன்று இருக்கும். அதை உடுத்திக்கொண்டு போனால்தான் அந்தக் கரைக்காரர்களுக்கு, வந்திருப்பது முடிந்த வேலை என்று தெரியும். திரும்பி வரும்போது எதை உடுத்தியிருந்தாலும் கேள்வி இல்லை.

போகிற வேலை கோவுடையது. ஒரு நாளில் பத்து முறை ஆற்றைக் கடப்பாள். இளம் வயது, இடுப்பில் கான் (gone) என்று ஒரு கைக்குழந்தை. பிள்ளை தும்மினால் அவளுக்கு நெஞ்சு படபடக்கும். தும்மாமல் தூங்கினால் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள்.

ஒரு நாள் காலை, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மூட்டையோடு நேற்றுக் கரைக்குப் போனாள். போன இடத்தில் பிள்ளை தூங்கிவிட்டது. இன்னும் ஒரே ஒரு மூட்டை பாக்கி. தூங்குகிற பிள்ளையை எதற்கு வெயிலில் அலைக்கழிக்க வேண்டும் என்று நினைத்தாள். வேலைத்துணிக்கு மாறிக்கொண்டு, மாற்றுச்சேலையைக் கரையோரத்து மரத்தில் தொட்டிலாகக் கட்டிப் பிள்ளையைக் கிடத்தினாள். அந்தச் சேலைதான் மெத்தென்று இருக்கும். ஓடிப்போய் ஓடிவந்துவிடலாம் என்று தோணி ஏறினாள். திரும்ப வந்து இறங்க அதே சேலை வேண்டும் என்பது அந்த அவசரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

இந்தக் கரையில் இறங்கினால், துறையில் நீளமான வரிசை. சொற்களுக்கு விதி போடுகிற சட்டாம்பிள்ளை ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தான்.

"இனிமே ஆளுக்கொரு துணியெல்லாம் கிடையாது! யார் எதை உடுத்துறாங்கன்னு யார் ஞாபகம் வெச்சுக்கிறது? எல்லாருக்கும் ஒரே வால். தெச்சு விடுறேன், வரிசையில வாங்க."

அந்த இரண்டெழுத்து வாலுக்கு ஈடி (-ed) என்று பெயர். வாக் போய்த் தைத்துக்கொண்டு வாக்டு ஆனான். குக்குக்கும் ஒரு வால் வந்து குக்டு ஆனாள். வேலைவெட்டி இல்லாதவர்கள்தான் முதலில் வந்து இடம் பிடித்திருந்தார்கள். கொட்டாவி விடுகிற யான் முன்னால் நின்றான். அவனுக்குப் பின்னால், எதைப் பார்த்தாலும் வியக்கிற அட்மயர். ஓயாமல் உழைக்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் நின்றார்கள்.

அதற்குள் மேற்கே பெய்த மழையில் ஆறு செம்மண் நிறமாகி ஏறத் தொடங்கியது. கோ தோணியிடம் ஓடினாள்.

"அண்ணே, என்னை ஏத்திக்குங்க. பிள்ளை அந்தப் பக்கம் இருக்கு."

"மாத்துச்சேலை எங்கம்மா?" என்றார் தோணிக்காரர்.

"அதுலதான் தொட்டில் கட்டியிருக்கேன்."

தோணிக்காரர் தலையில் கை வைத்தார். "சரி, வாலாவது இருக்கா?"

"எனக்கு முன்னாடி நானூறு பேர் நிக்கிறாங்க அண்ணே."

"இதுதாம்மா கடைசி நடை. வேலைத்துணியோட உன்னைக் கொண்டுபோனா அங்க இறங்கவே விடமாட்டாங்க. உன்னோட சேர்த்து என்னையும் திருப்பி அனுப்புவாங்க."

கோ சட்டாம்பிள்ளையிடம் போய் நின்றாள். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எல்லாருக்கும் அவசரந்தான். வரிசைன்னா வரிசை."

"நான் ரொம்ப நேரமா நிக்கிறேம்மா," என்று சொல்லி யான் கொட்டாவி விட்டான்.

"ஆறு எவ்வளவு அழகா இருக்கு பாரேன்!" என்றாள் அட்மயர்.

"பெத்தவ எவளாவது பச்சப்பிள்ளையை இப்படி விட்டுட்டு வருவாளா?" என்று வரிசையில் ஒரு குரல் கேட்டது. கோ திரும்பவில்லை. அதையே அவள் தனக்குள் எத்தனையோ முறை கேட்டாகிவிட்டது.

தோணியில் ஒரு காலை வைத்தபடி வெண்ட் (wend) நின்றிருந்தாள். வெண்டும் போகிறவள்தான். ஆனால் நேராகப் போகமாட்டாள்; வளைந்து நெளிந்து, நாலு தெரு சுற்றித்தான் போவாள். ஒரே வேலைக்கு இரண்டு பேர் என்பதால் அவளுக்கும் கோவுக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வென்ட் (went) என்று நேற்றுக் கரைப் பேர் நெய்த தன் மாற்றுச்சேலையை உடுத்தி, அவள் புறப்படத் தயாராக இருந்தாள்.

ஆற்றைப் பார்த்தாள். கோவைப் பார்த்தாள். வைத்த காலை எடுத்துவிட்டு, துறைக்குப் பின்னாலிருந்த மறைப்புக்குள் போனாள். வேலைத்துணியோடு வெளியே வந்து சேலையை நீட்டினாள்.

"இந்தா, பிடி."

"அக்கா! அப்போ நீங்க?"

"எனக்கென்ன, சுத்திச் சுத்திப் போறவ. இன்னிக்கு இல்லேன்னா நாளைக்குப் போறேன். பிள்ளைகிட்ட நாளைக்கு வரேன்னு சொல்ல முடியுமா உன்னால?"

"உங்க பேர் போட்ட சேலையாச்சே."

"ஆத்துத் தண்ணிக்குப் படிக்கத் தெரியாது. சீக்கிரம் சுத்திக்கோ."

கோ வேலைத்துணியின் மேலேயே அதைச் சுற்றிக்கொண்டு ஏறினாள். சட்டாம்பிள்ளை ஊசியோடு எழுந்து ஓடிவந்தான். "அது அவ சேலை இல்லை! ஒருத்தி சேலையை இன்னொருத்தி உடுத்தக் கூடாது!"

"எழுதி வெச்சுக்கோ தம்பி," என்று சொல்லித் தோணிக்காரர் கழியை ஊன்றினார்.

நேற்றுக் கரைக்காரர்கள் சேலையைப் பார்த்தார்கள். "வென்ட்டா? இறங்கு, இறங்கு." கோ ஓடினாள். தொட்டிலின் அடிப்பக்கம் தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தது. பிள்ளை விழித்திருந்தது, அழவில்லை. அவள் வாரி எடுத்த சிறிது நேரத்தில் வெள்ளம் தொட்டிலை அடித்துக்கொண்டு போனது. கோவுக்கென்று இருந்த சொந்த மாற்றுச்சேலை அதோடு சரி. அதில் என்ன பேர் நெய்திருந்தது என்று இப்போது யாரைக் கேட்டாலும் தெரியாது.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. கோ திரும்பிவந்து, இரவல் சேலையைத் துவைத்து மடித்து வெண்டின் வீட்டுக்கு எடுத்துப்போனாள். வெண்டுக்கு அதற்குள் வால் தைத்தாகியிருந்தது.

"வெண்டட்னு ஆயிட்டேன். நல்லா இருக்கா?" என்று திரும்பிக் காட்டினாள்.

கோ சேலையை நீட்டினாள். பிள்ளை அதன் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இழுத்தால் அலறியது. வெள்ளத்தன்று தன்னைத் தூக்க வந்தவளை அது அந்தச் சேலையை வைத்துத்தான் அடையாளம் கண்டிருந்தது.

"வெச்சுக்கோ," என்றாள் வெண்ட். "எனக்குத்தான் வால் இருக்கே."

இந்தச் செய்தி வரிசைக்கு எட்டியது. அவள் வாலில்லாமல் போய்வரலாம் என்றால் நாங்கள் ஏன் நிற்க வேண்டும் என்று, தினமும் உழைக்கிறவர்கள் கலைந்து போய்த் தங்கள் பழைய துணிகளையே உடுத்திக்கொண்டார்கள். ட்ரிங்க் ட்ராங்க் ஆனான். ஈட் ஏட் ஆனாள். கட் மட்டும் கையில் கத்தியோடு, போட்டிருந்த துணியோடேயே தோணியில் ஏறி உட்கார்ந்தான். அவனிடம் போய் யார் கேட்பது?

சட்டாம்பிள்ளை ஊசியை வீசி எறிந்தான். "வால் இருக்கிறவங்களுக்குத்தான் நான் பொறுப்பு. மத்தவங்களை நீயே ஞாபகம் வெச்சுக்கோ!"

"வெச்சுக்கிறேன்," என்றார் தோணிக்காரர். கழி போடும்போதெல்லாம் ஒவ்வொரு பேராக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். தப்பினால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்.

அன்று முதல்தான் கோ நேற்றைக்குப் போகும்போதெல்லாம் வென்ட் ஆகிறாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும், நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, வாலில்லாத அத்தனை பேரையும் தோணிக்காரரைப் போலவே வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்கிறார்கள்.